ஐம்பத்தேழு கிலோ பிரிவு

எடை பார்ப்பதற்கு நல்ல நேரம் காலைதான். எழுந்து, பாத்ரூம் போய்விட்டு வந்து, ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மெஷினில் ஏறி நிற்க வேண்டும். நிறையப் பேர் சாயங்காலம் ஜிம்முக்கு வந்து, சட்டையும் செருப்புமாக ஏறிப் பார்த்துவிட்டு, ஒரு கிலோ கூடிவிட்டது என்று வருத்தப்படுவார்கள். அது உடம்பின் எடை இல்லை. மத்தியானம் சாப்பிட்ட சோற்றின் எடை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். எனக்கு இதுதான் முதல்.

என் பெயர் செந்தில்முருகன். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், உப்பு லாரிகள் வந்து நிற்கிற ஒரு எடை மேடையில் வேலை பார்க்கிறேன். வெறும் லாரி ஒரு எடை, பாரம் ஏற்றிய லாரி ஒரு எடை. இரண்டையும் அடித்துச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடத்தில் என் சீட்டு தப்பு என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. வீடு மாப்பிள்ளையூரணியில். மனைவி சந்தனச்செல்வி, வயது இருபத்தேழு. அவள் இப்போது ஆஸ்பத்திரியில் எந்த வார்டில் இருக்கிறாள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் வலுதூக்கினேன். அதில் மூன்று தூக்கு உண்டு. கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது பெஞ்ச். தரையில் கிடப்பதைத் தூக்கி நிமிர்ந்து நிற்பது டெட்லிப்ட். மூன்றையும் கூட்டித்தான் யார் முதல் என்று சொல்வார்கள். ஆனால் உங்கள் எடையில் இருக்கிறவர்களோடுதான் நீங்கள் மோதுவீர்கள். பெண்களில் ஐம்பத்தேழு ஒரு பிரிவு, அதற்கு மேலே அறுபத்து மூன்று.

எடை கூடினால் பலம் கூடும். இது எல்லோருக்கும் தெரியும். இரண்டும் ஒரே வேகத்தில் கூடாது என்பதுதான் பலருக்குத் தெரியாது. எடை முந்திக்கொண்டால் உங்களைவிடப் பெரிய ஆட்களுக்கு நடுவில் போய் நிற்பீர்கள். எடையை அடித்துக் குறைத்தால் பலமும் கூடவே இறங்கிப்போகும். என் இருபத்தாறாவது வயதில், மாநிலப் போட்டியில், முந்நூறு கிராம் கூடியிருந்தேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் ஓடி அதைக் குறைத்தேன். பிறகு ஸ்குவாட்டில் மூன்று தடவை உட்கார்ந்தேன், மூன்று தடவையும் எழுந்திருக்கவில்லை. மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அதற்குப் பிறகு நான் போட்டிக்குப் போகவில்லை.

செல்விக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம், வயக்காட்டுக் குடும்பம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் காஸ்காரர் சிலிண்டரைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் சட்டையைக் கழற்றுவதற்குள் அவள் அதை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். மூச்சு வாங்கவில்லை. கேட்டால், வாழைத்தாரைவிட இது லேசு என்றாள். அடுத்த வாரமே செல்வதுரை அண்ணாச்சியின் ஜிம்முக்கு அழைத்துப் போனேன். தகரக் கொட்டகை. உப்புக்காற்றில் தட்டுகளெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும். முதல் நாளே அறுபது கிலோவைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்தாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஐந்து வருடமாகச் செத்துக் கிடந்த ஏதோ ஒன்று எனக்குள் எழுந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து ஆறு வருடம் அவளுடைய எடையை நான் தினமும் எழுதினேன். என்ன சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள், எந்தத் தூக்கில் முழங்கால் உள்ளே போனது, எல்லாம் எழுதினேன். மாதாந்திர நாட்களையும் குறித்து வைத்தேன். அந்தச் சமயத்தில் உடம்பில் தண்ணீர் தங்கும், ஒரு கிலோ கூடக் காட்டும். தெரியாமல் பயந்து சாப்பாட்டைக் குறைத்தால் பலம் போய்விடும். இதெல்லாம் ஒரு கணவன் செய்கிற காரியமா என்று ஜெபிஷா உங்களிடம் கேட்பாள். அவள் அதே ஜிம்மில் அறுபத்து மூன்று கிலோ பிரிவில் தூக்குகிறவள், செல்விக்கு நெருங்கின சிநேகிதி. நல்ல பெண். ஆனால் அவளுக்கு யாரும் இப்படி எழுதி வைக்கவில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. செல்விக்கு நீர்க்கட்டி இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, பெரிய பிரச்சினை இல்லை, பிந்தி வரும் என்று சொல்லி மருந்து எழுதித் தந்தார். பயிற்சிக்காக அதை நிறுத்தி வைத்திருந்தோம். என் அம்மா வடிவம்மாள் வரும்போதெல்லாம் கேட்பாள். செல்வி அடுப்படிக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தபோது தடுப்பூசி போட அவள்தான் துணைக்குப் போனாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்:

“மூணு கிலோ நானூறு இருந்துச்சுங்க. தூக்குனா ஒண்ணுமே இல்ல. ஆனா கை நடுங்குது.”

நான் சிரித்தேன். அன்று காலையில் அவள் நூற்று நாற்பதைத் தூக்கியிருந்தாள்.

இந்த வருடத்துக்கு வருகிறேன். மாநிலத்தில் முதலாவதாக வருகிறவர்களைத்தான் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். தேசியச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்கு எழுதிப் போடலாம். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இரண்டு தடவை அவள் இரண்டாவதாக வந்திருக்கிறாள். இதை விட்டால் இன்னொரு தடவை இல்லை என்பதை நான் அவளிடம் தினமும் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். அவளுக்கும் அந்த வேலை வேண்டும்தான். அதை நான் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

போட்டிக்கு இருபத்து நான்கு நாள் இருக்கும்போது எடை ஐம்பத்தெட்டு தொள்ளாயிரம் காட்டியது. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூட இருந்தால் கடைசி வாரத்தில் குறைத்துவிடலாம். ஆனால் இது இறங்கவே இல்லை. இரவுச் சோற்றை நிறுத்தினேன். உப்பைக் குறைத்தேன். மத்தியான வெயிலில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி பீச் ரோட்டில் ஓடவிட்டேன். வழியில் இரண்டு தடவை உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். எழுந்து மறுபடி ஓடினாள். மறுநாள் காலையில் எடை ஐம்பத்தொன்பது. மெஷினைத் தரையில் இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது. அவள் அதில் நின்றபடியே அழ ஆரம்பித்தாள். தான் ஒன்றும் திருட்டுத்தனமாகச் சாப்பிடவில்லை என்று பக்கத்துச் சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். எனக்கு அவள்மேல் சந்தேகமே இல்லை. நான் எழுதி வைத்ததைத்தான் எடுத்துப் பார்த்தேன். அவித்த முட்டை வாடையே பிடிக்கவில்லை என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதாந்திர நாள் வரவேண்டிய தேதி தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. நீர்க்கட்டி இருக்கிறவளுக்கு அது தள்ளிப்போவது சாதாரணம் என்பதால் அவள் அதை நினைக்கவில்லை.

அறுபத்து மூன்றில் விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். அந்தப் பிரிவில் ஜெபிஷா ஒருத்தியே மூன்று தூக்கும் சேர்த்து முந்நூற்றுத் தொண்ணூறு எடுப்பாள். செல்விக்கு முந்நூற்று ஐம்பதுதான். அந்த உடம்புக்கு ஏற்ற பலம் வர இரண்டு வருடம் வேண்டும். எங்களிடம் இருந்தது இருபத்து மூன்று நாள்.

போட்டி நடத்துகிறவர்கள் ஊக்கமருந்துச் சோதனைக்கு முன்கூட்டியே சிறுநீர் கேட்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். ஒரு இருமல் மருந்துப் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தேன். அவள் பிடித்துக் கொண்டுவந்து, தானே ஒரு தாளில் பெயரும் எடைப்பிரிவும் எழுதி அதன்மேல் ஒட்டினாள். கையெழுத்து அழகாக இருக்கும் அவளுக்கு. நான் அதை வேலைக்கு எடுத்துப் போனேன். போகிற வழியில், எனக்குப் பழக்கமில்லாத கடையில், பரிசோதனை அட்டை வாங்கியிருந்தேன். எடை மேடைக் கேபினில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடு. வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவருக்குச் சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். இரண்டு கோடுதான்.

நான் அவசரப்பட்டுச் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. மூன்று நாள் யோசித்தேன். எனக்கும் ஒன்றும் சந்தோஷம் இல்லாமல் இல்லை. முதல் நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் வந்த நேரம் சரியில்லை. டாக்டரம்மா பிந்தி வரும் என்றுதானே சொன்னார். ஒரு தடவை வந்தது இன்னொரு தடவை வரும். வயது வரம்பு அப்படி இல்லை.

அவளிடமே சொல்லிக் கேட்டிருக்கலாமே என்றீர்கள். சொல்லியிருந்தால் அவள் அதை வைத்துக்கொண்டிருப்பாள், மேடம். அதனால்தான் சொல்லவில்லை.

மாத்திரை கொடுத்தவர் பெயரைத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு நான் யாருக்காக வாங்குகிறேன் என்று தெரியாது. உடம்பில் தங்கின தண்ணீரை வடியவைக்கிற மாத்திரை என்று செல்வியிடம் சொன்னேன். என்னைக் கேட்காமல் அவள் தலைவலி மாத்திரைகூடப் போடமாட்டாள். தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலை நான் வீட்டில் ஒட்டி வைத்திருந்தேன். உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“ஏங்க, இது லிஸ்ட்ல இருக்கா?”

“இல்லளா. லிஸ்ட்ல இல்ல.”

அதில் பொய் இல்லை. அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

இரண்டு நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து கிடந்தாள். இந்தத் தடவை வலி தாங்கமுடியவில்லை என்றாள். தள்ளிப்போய் வந்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். துணிகளை நானே அலசினேன். பயிற்சி கெட்டுப்போகிறதே என்று அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை, ரெண்டு நாள்தானே என்றேன்.

ஒரு வாரத்தில் ஐம்பத்தேழு நானூறுக்கு வந்தாள். உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள். அன்று காலையில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆனால் ரத்தம் நிற்கவில்லை. போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். நூற்றுப் பத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்தவள் எழமுடியாமல் பின்னால் நின்ற ஜெபிஷாவின் கையில் சாய்ந்துவிட்டாள். ஜெபிஷா கம்பியைத் தாங்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

“அண்ணே, இவ மூஞ்சியப் பாருங்க. வெளிறிப்போய்க் கெடக்கா. மூணு நாளா காய்ச்ச இருக்குங்கா. மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க.”

“போட்டி முடியட்டும், ஜெபிஷா.”

“போட்டி கெடக்கட்டும்ணே.”

நானே கூட்டிப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். மறுநாள் கேட்டபோது, காட்டியாகிவிட்டது, வைரல் காய்ச்சல்தான் என்றேன். செல்வியிடம், டாக்டரிடம் போனால் ஊசியில் ஏதாவது கலந்திருக்கும், சோதனையில் மாட்டிக்கொள்வாய் என்றேன். அவள் நம்பினாள். ஆறு வருடத்தில் நான் சொன்ன எந்த எண்ணும் தப்பாகப் போனதில்லை அல்லவா.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரைக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போனில் தேடிப் படித்திருந்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், உள்ளே ஏதாவது தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று போட்டிருந்தது. தமிழில்தான் போட்டிருந்தது. புரியாமல் இல்லை. ஆனால் டாக்டர் பார்த்தால் அவளிடம் சொல்லிவிடுவார். சொன்னால் அவள் போட்டிக்கு வரமாட்டாள். ஒன்பது நாள் தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டேன். ராத்திரி முழுக்க அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டு எடுத்தேன். அவளைவிட நான்தான் அதிகமாகச் சாமி கும்பிட்டேன்.

போட்டி நம் ஊரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில். காலையில் எடை ஐம்பத்தாறு எண்ணூற்று ஐம்பது. ஸ்குவாட்டில் நூற்று இருபத்தைந்தை எடுத்தாள். பெஞ்சில் அறுபத்தைந்து. டெட்லிப்டில் முதல் தூக்கு நூற்று முப்பத்தைந்து, இரண்டாவது நூற்று நாற்பத்தைந்து. மூன்றாவதாக நூற்று ஐம்பத்திரண்டரை எடுத்தால் முதலிடம். எடுக்காவிட்டால் மறுபடி இரண்டாவது.

அவள் மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நான் கையில் பவுடர் தேய்த்துவிட்டேன். கை நெருப்பாகச் சுட்டது.

“ஏங்க, கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இதோட நிப்பாட்டிருவமா?”

“ஒரே ஒரு தூக்குதான் செல்வி. அதுக்கப்புறம் ஒன் இஷ்டம்.”

அவள் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“அதுக்கப்புறம் புள்ளைக்குப் பாக்கலாமாங்க? மருந்து மறுபடி ஆரம்பிக்கணும்.”

“பாக்கலாம்” என்றேன்.

அவள் போர்வையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். கம்பியைப் பிடித்தாள். முழங்கால் வரைக்கும் வந்து அது நின்றது. அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக மேலே வந்து அவள் நிமிர்ந்தாள். நடுவர் கையை இறக்கினார். அவள் கம்பியைக் கீழே போடவில்லை, பதவிசாகத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு அதன்மேலேயே விழுந்தாள். மேடை விரிப்பில் ரத்தம் பரவியது. ஜெபிஷா கத்திக்கொண்டு ஓடினாள், அண்ணாச்சி ஓடினார், எல்லோரும் ஓடினார்கள். நான் நடுவர்களின் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றும் வெள்ளை, தூக்கு செல்லும்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்று கையெழுத்து வாங்கினார்கள். நான்தான் போட்டேன். அவள் கண் விழித்ததும் டாக்டர், எந்தக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாய், எத்தனை வாரம் என்று அவளைத் திட்டியிருக்கிறார். நான் முழுகாமல் இருக்கவே இல்லையே, ஆள் மாறிக் கேட்கிறீர்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். இதை ஜெபிஷா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் என்னை உள்ளே கூப்பிட்டாள். ஜெபிஷா கட்டில் பக்கத்தில் நின்றாள். செல்வியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“பாட்டில்ல புடிச்சுத் தரச் சொன்னீங்களே, அது இதுக்குத்தானா?”

“ஆமா.”

“அப்ப ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

ஏன் என்று கேட்பாள், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கேட்கவில்லை. முதலிடத்துச் சான்றிதழை அண்ணாச்சி கொண்டுவந்து தலைமாட்டில் வைத்திருந்தார். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எவ்வளவு எடை இருந்திருக்கும்ங்க அது?”

நான் அதையும் படித்து வைத்திருந்தேன். அவள் கேட்டு நான் எந்த எடையையும் மறைத்ததில்லை.

“ஒரு கிராம் இருக்கும்” என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். அந்த மாதிரி அழுகையை நான் எந்த இழவு வீட்டிலும் கேட்டதில்லை. தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் ஓடி வந்தார். ஜெபிஷா என் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அங்கிருந்து நேராகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் என்னைத் தேடி வரவேண்டிய அவசியம் வைக்கவில்லை.

அவளுக்குத் தெரியாமல் அவள் கருவைக் கலைத்தது நான். காய்ச்சல் என்னவென்று தெரிந்தும் ஒன்பது நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாததும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நூற்று ஐம்பத்திரண்டரைக் கிலோவைக் காய்ச்சலோடு தூக்கினவள், மேடம். ஒரு கிராமுக்கு அவள் ஏன் அப்படி அழுதாள் என்பது மட்டும்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.